சென்னை மருத்துவக் கல்லூரி: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீட் முடிவு வந்ததிலிருந்து கவுன்சிலிங் முடியும் வரை, ஊரிலிருந்து எனக்குத் தொடர்ந்து போன் வரும். நான் படித்த பள்ளியின் பிள்ளைகள், அவர்களின் அப்பா அம்மாக்கள், தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள் என்று பலரும் கூப்பிடுவார்கள். எம்.எம்.சி. என்று எல்லோரும் சொல்லும் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான் படித்தவன் என்பதுதான் காரணம். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். சேர்க்கை விதிகளில் சிறு மாற்றங்கள் ஆண்டுதோறும் வரும். விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டுக்கான விளக்கக் குறிப்பேட்டையும் கட்டாயம் படியுங்கள்.

எம்.எம்.சி.யும் ஜி.எச்.சும் ஒண்ணா, வேற வேறயா?

ஒன்று கல்லூரி, மற்றது அதோடு இணைந்த மருத்துவமனை. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பதுதான் ஜி.எச். 2011 முதல் அதன் பெயர் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. வயதில் மருத்துவமனைதான் மூத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்காக 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் சிறியதாகத் தொடங்கியது, 1772இல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. கல்லூரி 1835இல்தான் பிறந்தது.

மாணவர்கள் ஜி.எச்.சில் மட்டும் படிப்பதில்லை. பிரசவமும் மகளிர் மருத்துவமும் படிக்க எழும்பூர் தாய்சேய் மருத்துவமனை, குழந்தைகள் மருத்துவத்துக்கு அங்கேயே குழந்தைகள் நல மருத்துவமனை, கண்ணுக்கு 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை, மனநலத்துக்கு 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் என்று போஸ்டிங் போட்டு அனுப்புவார்கள். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், பக்கத்து ஆந்திராவிலிருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். கல்லூரியின் மிகப் பெரிய சொத்து அவர்கள்தான் என்பது என் எண்ணம். இந்தப் பக்கத்தில் பல பதில்கள் அங்கேதான் போய் நிற்கும்.

இந்தியாவிலேயே முதல் மெடிக்கல் காலேஜ்னு சொல்றாங்களே, நிஜமா?

உண்மைக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835 ஜனவரி 28 அன்று தொடங்கியது. சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கியது அதே ஆண்டு பிப்ரவரி 2. இடைவெளி ஐந்தே நாள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் 1823லேயே ஒரு மருத்துவப் பள்ளி இருந்தது, இன்றைய ஜிப்மரின் வேர் அது. ஆகவே ‘மிகப் பழமையானவற்றில் ஒன்று’ என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். சென்னைப் பள்ளி ‘கல்லூரி’ ஆனது 1850இல்.

முதலிடப் பட்டத்தைவிட நாம் பெருமைப்பட வேண்டிய ஆண்டு 1875. அந்த ஆண்டு இந்தக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப், பின்னாளில் திருவல்லிக்கேணியில் பெண்களுக்கான மருத்துவமனை உருவாகக் காரணமானார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று நாம் அறிவது அதுதான். கல்கத்தாவில் பெண்களுக்கு இடம் இல்லாத காலத்தில், அபலா தாஸ் என்ற வங்காளப் பெண் 1882இல் மருத்துவம் படிக்க சென்னைக்குத்தான் வந்தார். பிறகு ஜகதீஷ் சந்திர போஸைத் திருமணம் செய்துகொண்டு அபலா போஸ் ஆனவர் அவர். உடல்நலக் குறைவால் அவரால் படிப்பை முடிக்க முடியவில்லை.

அதற்குப் பின் புதுக்கோட்டையிலிருந்து வந்தார் முத்துலட்சுமி ரெட்டி. 1907இல் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். சட்ட மேலவையில் தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடினார், அவ்வை இல்லத்தைத் தொடங்கினார், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். ‘பொண்ணுக்கு எதுக்கு இவ்வளவு நீண்ட படிப்பு’ என்று இன்றும் சில வீடுகளில் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் இந்த ஒரு பெயரைத்தான் சொல்வேன்.

மொத்தம் எத்தனை பேர் படிக்கிறாங்க? எல்லாருமே எம்.பி.பி.எஸ்.தானா?

எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஆண்டுக்கு 250 இடங்கள். படிப்பு நாலரை ஆண்டு, அதற்கு மேல் ஓராண்டு பயிற்சி. எனவே எந்த நேரத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் வளாகத்தில் இருப்பார்கள். இவர்கள் தவிர எம்.டி., எம்.எஸ். படிக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்கள், அதற்கும் மேலே டி.எம்., எம்.சி.எச். படிப்பவர்கள், செவிலியர் கல்லூரி, பி.ஃபார்ம்., துணை மருத்துவப் படிப்புகள் எல்லாம் உண்டு.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எம்.பி.பி.எஸ். மட்டும்தான் கண்ணில் படுகிறது. வார்டுக்குள் வந்து பார்த்தால் நிலைமை வேறு. இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் பக்கத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரு பி.ஜி. (பட்டமேற்படிப்பு மாணவர்), ஒரு ஹவுஸ் சர்ஜன் (ஓராண்டு பயிற்சியில் இருப்பவர்), ஒரு செவிலியர். எம்.பி.பி.எஸ். மாணவர் நாடி பிடிப்பதையும் ஊசி போடுவதையும் பாதிக்குப் பாதி இவர்களிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறார்.

250 சீட்டும் தமிழ்நாட்டுப் பிள்ளைங்களுக்குத்தானா? எப்படிப் பிரிக்கிறாங்க?

15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். 250இல் அது 37 அல்லது 38 இடம். மீதி ஏறத்தாழ 212 இடங்களுக்குத் தமிழ்நாடு அரசின் தேர்வுக் குழு கவுன்சிலிங் நடத்தும். அதில் மாநிலத்தின் 69 சதவீத இட ஒதுக்கீடு பொருந்தும். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 சதவீதம் பொதுப் போட்டி.

இந்த 31 யாருக்கும் தனியாக ஒதுக்கியது இல்லை. பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எந்தச் சமூகத்துப் பிள்ளையாக இருந்தாலும், தரவரிசையில் மேலே இருந்தால் பொதுப் போட்டியில் இடம் பெறலாம். எம்.எம்.சி. போன்ற கல்லூரிகளின் பொதுப் போட்டி இடங்களில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளையும் பார்க்கலாம்.

ஆல் இந்தியா கோட்டாவுக்கும் நம்ம 69 சதவீதம் உண்டா?

இல்லை. அங்கே மத்திய அரசின் கணக்கு. 2021–22 முதல் ஓ.பி.சி.க்கு (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு) 27 சதவீதமும் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீதமும் சேர்க்கப்பட்டன. எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5. ஓ.பி.சி.யில் கிரீமி லேயர் பார்ப்பார்கள், அதாவது குடும்ப வருமான வரம்பு உண்டு. மாநில ஒதுக்கீட்டில் அது கிடையாது.

இங்கே பெற்றோர் தடுக்கி விழும் இடம் சான்றிதழ். தாலுகா அலுவலகத்தில் வாங்கிய பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய ஒதுக்கீட்டுக்குப் போதாது. ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும், அதுவும் நடப்பு ஆண்டுக்குச் செல்லுபடியாக இருக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு ஓடாதீர்கள், பரீட்சை முடிந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். இரண்டு கவுன்சிலிங்குக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எந்தச் சுற்றுக்குப் பிறகு இடத்தை விட முடியாது என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைங்களுக்கு 7.5 சதவீதம்னா, எம்.எம்.சி.யிலயும் கிடைக்குமா?

கிடைக்கும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2020இல் வந்த சட்டம் இது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து கொண்டுவந்தார்கள். மேலே சொன்ன 212 இடங்களில் கணக்கிட்டால், எம்.எம்.சி.யில் ஆண்டுக்குச் சுமார் 16 பிள்ளைகள் இந்த வழியில் வரலாம். இவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

இந்த எண்ணிக்கை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 2017இல் நீட் கட்டாயமான பிறகு, அரசுப் பள்ளிப் பிள்ளை ஒருவர் மருத்துவக் கல்லூரிக்குள் வருவதே அரிதாகிப் போயிருந்தது. கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் செலவழிக்க முடிந்த வீடுகளோடு, கூலி வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளை அதே தாளில் போட்டியிட வேண்டிய நிலை அது. இந்தச் சட்டம் அந்த அநியாயத்தை முழுதாகச் சரிசெய்யவில்லை, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். 7.5இல்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் ரேங்க் நன்றாக இருந்தால் பொதுக் கவுன்சிலிங்கிலும் இடம் கேட்கலாம்.

எத்தனை மார்க் எடுத்தா எம்.எம்.சி. கிடைக்கும்?

மார்க்கைக் கேட்காதீர்கள், ரேங்கைக் கேளுங்கள். 2024இல் 720க்கு 720 எடுத்தவர்களே பலர். 2025இல் தாள் கடினமாக இருந்ததால் நாட்டின் முதலிடமே 686இல் நின்றது. 2024இன் கட் ஆஃபைப் பார்த்துவிட்டு 2025இல் எழுதிய பிள்ளை அழுதால் அது வீண் அழுகை.

முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்கள் சமூகப் பிரிவில் எம்.எம்.சி.யின் கடைசி இடம் மாநிலத் தரவரிசையில் எந்த எண்ணில் முடிந்தது என்று பாருங்கள். கவுன்சிலிங் முடிந்ததும் தேர்வுக் குழு ஒதுக்கீட்டுப் பட்டியலை வெளியிடும், அதில் இருக்கும். உங்கள் ரேங்க் அதற்குப் பக்கத்தில் இருந்தால் முதல் விருப்பமாக எம்.எம்.சி.யைப் போடுங்கள். பக்கத்தில் இல்லாவிட்டாலும் போடுங்கள். மேலே உள்ள விருப்பம் கிடைக்காவிட்டால் அடுத்ததைத்தான் பார்ப்பார்கள். ‘கிடைக்காததைப் போட்டதால்’ யாருக்கும் இடம் போனதில்லை.

சார், ஃபீஸ் எவ்வளவு ஆகும்? லோன் போடணுமா?

அரசுக் கல்லூரி. ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில்தான் இருக்கும், லட்சத்தில் இல்லை. அந்தந்த ஆண்டுத் தொகை குறிப்பேட்டில் இருக்கும். தனியார் கல்லூரியில் ஓர் ஆண்டுக்குக் கட்டுவதை வைத்து இங்கே முழுப் படிப்பையும் முடித்துவிடலாம். கட்டணத்துக்காக யாரும் லோன் போட வேண்டியதில்லை.

ஆனால் விடுதி, மெஸ், புத்தகம், ஊருக்குப் போய்வரும் செலவு என்று கையில் பணம் வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டாம். முதல் ஆண்டில் அனாடமிக்கு (உடற்கூறியல்) எலும்பு செட் தேவைப்படும், சீனியர்கள் தங்களுடையதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். புத்தகங்களும் அப்படியே கை மாறும். சேர்ந்த முதல் வாரத்திலேயே விலையுயர்ந்த ஸ்டெதஸ்கோப் வாங்கித் தர வேண்டும் என்று அப்பாக்கள் ஆசைப்படுவார்கள். அதற்கு உண்மையான வேலை வார்டுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான்.

நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். வகுப்பு எல்லாம் இங்கிலீஷ்லயாமே, சமாளிக்க முடியுமாண்ணா?

எனக்கு வரும் கேள்விகளிலேயே அதிகம் கேட்கப்படுவது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாடமும் பரீட்சையும் ஆங்கிலம்தான். முதல் மூன்று மாதம் கஷ்டமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அனாடமியில் வரும் பெயர்களில் முக்கால்வாசி லத்தீனும் கிரேக்கமும். ஊட்டி கான்வென்ட்டில் படித்த பிள்ளைக்கும் அவை முதல் நாள் புதுசுதான். முதல் ஆண்டில் உங்களுக்குத் தேவையான ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியங்களில் தெளிவாக எழுதும் ஆங்கிலம். தினமும் ஒரு கேள்விக்கு விடை எழுதி, நண்பரிடமோ பி.ஜி.யிடமோ திருத்தி வாங்குங்கள். கூச்சப்பட்டு ஒதுங்கி உட்கார்ந்தால்தான் பின்தங்குவீர்கள். வகுப்பில் புரியாததைத் தமிழிலேயே கேளுங்கள். தமிழில் விளக்கம் சொல்லும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இரண்டாம் ஆண்டில் வார்டுக்குப் போனதும் நிலைமை மாறிவிடும். கேஸ் எடுப்பது, அதாவது நோயாளியிடம் உட்கார்ந்து அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதுவது, முழுக்கத் தமிழில்தான் நடக்கும். ஒரு பெரியவர் ‘நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுதுப்பா’ என்பார். அவரிடம் ‘கரிக்குதா, இல்ல அடைக்கிற மாதிரி இருக்கா? சாப்பிட்டதும் வருதா, மாடி ஏறினா வருதா? நின்னா விடுதா?’ என்று அவர் பேச்சிலேயே கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, அது வயிற்றுப் புளிப்பா இதயமா என்ற சந்தேகம் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் அந்த இடத்தில் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். கட்டில் பக்கத்தில் கற்றுக்கொள்வதுதான் இந்தப் படிப்பின் மையம். அங்கே தமிழ் மீடியம் பிள்ளை ஒரு படி முன்னால் நிற்கிறார்.

நாங்க கேரளா. என் மகளுக்கு ஆல் இந்தியா கோட்டால கிடைச்சிருக்கு. தமிழ் தெரியாம படிக்க முடியுமா?

பரீட்சை எழுதலாம், தமிழ் இல்லாமல் மருத்துவர் ஆவது கடினம். முந்தைய பதிலில் சொன்னதுதான் காரணம். மலையாளம் தெரிந்தவர்களுக்கு இரண்டே மாதத்தில் பேச்சுத் தமிழ் வந்துவிடும். வடக்கிலிருந்து வரும் பிள்ளைகளும் ஓராண்டுக்குள் ‘எங்க வலிக்குது, எத்தனை நாளா?’ என்று சரளமாகக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். விடுதி அறையில் தமிழ் பேசும் தோழி ஒருவர் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

அஞ்சரை வருஷமும் என்னதான் படிப்பாங்க?

முதல் கட்டத்தில் உடல் எப்படி இருக்கிறது, எப்படி இயங்குகிறது: அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. இரண்டாம் கட்டத்தில் உடல் எப்படிக் கெடுகிறது, எந்த மருந்து என்ன செய்யும்: பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி. அப்போதே காலையில் வார்டுக்குப் போகத் தொடங்குவார்கள். பிறகு சமூக மருத்துவம், தடயவியல், கண், காது மூக்கு தொண்டை. கடைசியில் பெரிய நான்கு: பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் மருத்துவம். இந்த நாலரை ஆண்டுக்குப் பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. சி.ஆர்.ஆர்.ஐ. என்றும் ஹவுஸ் சர்ஜன் என்றும் சொல்வது இதைத்தான்.

2019இல் பாடத்திட்டம் மாறியது. நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும், கெட்ட செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் இப்போது பாடமாகவே இருக்கிறது. மாணவர்கள் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டமும் வந்திருக்கிறது. நல்ல மாற்றம், முழு மனதோடு வரவேற்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பு நோயாளி எந்த வீட்டில், எந்தத் தண்ணீரைக் குடித்து வாழ்கிறார் என்று பார்க்காத மருத்துவர் பாதி மருத்துவர்தான்.

பிணத்தை அறுக்கணுமாமே. என் பொண்ணு ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கிடுவா.

டிசெக்‌ஷன் ஹாலில் ரத்தம் இருக்காது. ஃபார்மலின் ஏற்றிப் பதப்படுத்திய உடல் என்பதால் தசை வெளிறிய பழுப்பு நிறத்தில் இருக்கும். முதல் நாள் உங்களைத் தொந்தரவு செய்வது வாடை. கண் எரியும், மூக்கில் தண்ணீர் வரும், மதியச் சாப்பாடு இறங்காது. ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒரு மேசையைச் சுற்றிப் பலர் நிற்பார்கள். ஒருவர் கத்தி பிடிக்க, ஒருவர் புத்தகத்தைப் படிக்க, மற்றவர்கள் நரம்பைத் தேடுவார்கள். மயக்கம் வருவது போலிருந்தால் வெளியே போய் உட்கார்ந்துவிட்டு வரலாம், யாரும் கேலி செய்யக்கூடாது.

அந்த உடல் ஒரு மனிதருடையது. பலர் உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டுத் தானம் செய்தவர்கள். கத்தியைத் தொடுவதற்கு முன் அவர்களுக்கு மரியாதை செலுத்தி உறுதிமொழி எடுப்பார்கள். அங்கே போன் எடுத்துப் படம் பிடிப்பது பெரிய தவறு. மகளிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

ஃபெயில் ஆனா என்ன ஆகும்? ஒரு வருஷம் போயிடுமா?

முதல் ஆண்டுப் பரீட்சையில் தவறினால் சில வாரங்களில் துணைத் தேர்வு வரும். அதில் தேறிவிட்டால் உங்கள் பேட்ச்சோடு தொடரலாம். அதிலும் தவறினால் அடுத்த பேட்ச்சோடு சேர வேண்டியிருக்கும். முதல் ஆண்டை நான்கு முயற்சிகளுக்குள்ளும், முழுப் படிப்பை ஒன்பது ஆண்டுக்குள்ளும் முடிக்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. பரீட்சை எழுத விடுவதற்கே தியரியில் 75, செய்முறையில் 80 சதவீத வருகை வேண்டும்.

பள்ளியில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள்தான் இங்கே 250 பேரும். அதில் ஒருவர் 250ஆவதாக வந்தே தீருவார். அந்த அதிர்ச்சியில் பேசாமல் முடங்கிப் போகும் பிள்ளைகள் உண்டு. பெற்றோர் வாரம் ஒருமுறையாவது மார்க்கைக் கேட்காமல் ‘சாப்பிட்டியா, தூங்கினியா?’ என்று மட்டும் கேளுங்கள். பேச்சில் வித்தியாசம் தெரிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். மனநல மருத்துவத் துறை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, அங்கே போவதில் எந்தக் குறைவும் இல்லை.

ராகிங் இருக்குமா? பயமா இருக்கு.

1996இல் சிதம்பரத்தில் பொன் நாவரசு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். அதன் பிறகு 1997இல் தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம் என்று அதில் இருக்கிறது. இப்போது சேரும்போதே மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும்.

ஆனாலும் ‘சும்மா ஜாலிக்கு’ என்று யாராவது ஏதாவது செய்யச் சொன்னால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லுங்கள், அல்லது 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். நல்ல சீனியர்கள் எலும்பு செட்டும் நோட்ஸும் தந்துதான் பழகுவார்கள்.

அப்போ இருபத்து மூணு, இருபத்து நாலு வயசு வரைக்கும் ஒரு ரூபாய் சம்பாதிக்க முடியாதா?

ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் அரசு மாதாமாதம் உதவித்தொகை தரும். வீட்டுக்கு முதல் சம்பளம் மாதிரி அது. ஆனால் அந்த ஓராண்டு வேலை கடுமையானது. ரத்தம் எடுப்பது, ட்ரிப் போடுவது, இரவு முழுக்க அட்மிஷன் வார்டில் நிற்பது என்று ஓய்வே இருக்காது. அந்த ஆண்டை பி.ஜி. தேர்வுக்குப் படிக்கும் ஆண்டாக மட்டும் நினைத்து வார்டைத் தவிர்ப்பவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

டிகிரி சர்டிபிகேட்ல எம்.எம்.சி. பேர் வருமா? அந்தப் பேருக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கா?

பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். 1988 வரை சென்னைப் பல்கலைக்கழகம் தந்தது. தேனியில் படித்தவருக்கும் எம்.எம்.சி.யில் படித்தவருக்கும் பட்டம் ஒன்றுதான், பரீட்சைத் தாளும் ஒன்றுதான்.

பெயருக்கு மதிப்பு வந்தது இங்கே படித்தவர்களாலும் கற்பித்தவர்களாலும். 1939இல் இக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான ஏ. லட்சுமணசுவாமி முதலியார், ஜி.எச். வாசலில் சிலையாக நிற்கும் டாக்டர் ரங்காச்சாரி, இந்திய நரம்பியல் அறுவை சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான பி. ராமமூர்த்தி என்று பட்டியல் நீளும். எனக்கு மிகவும் பிடித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சை உடையைக் கதரில் அணிந்தார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அவர் அமெரிக்கா போனார். உடலில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கே என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து ஒரு முறையைக் கண்டார், ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்தினார், புற்றுநோய்க்கும் மூட்டு நோய்க்கும் இன்றும் தரும் மெத்தோட்ரெக்ஸேட் அந்த வேலையிலிருந்து வந்தது. முதல் ஆண்டு பயோகெமிஸ்ட்ரியில் ‘ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை’ என்று படிக்கும்போது, அவரும் இதே கல்லூரி மாணவர்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சதும் அரசு வேலை தருவாங்களா? பி.ஜி. எப்படி?

தானாக வராது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வை எழுத வேண்டும், அதில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. தேறினால் பெரும்பாலும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குவீர்கள். பி.ஜி.க்கு இப்போதைக்கு நீட் பி.ஜி. தேர்வுதான். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் 50 சதவீதம் தனியாக உண்டு. இதற்காக அரசு மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2020இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

என்னைக் கேட்டால் சுகாதார நிலையம் போய்விட்டு பி.ஜி.க்கு வாருங்கள் என்பேன். மலைக் கிராமத்தில் பிரசவம் பார்த்துவிட்டு வந்தவர் வகுப்பில் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். தமிழ்நாட்டின் அரசு மருத்துவம் நிற்பதே இந்தச் சுழற்சியால்தான். கிராமத்தில் வேலை பார்த்தவர் பி.ஜி. முடித்து, அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகி, அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கிறார்.

எம்.எம்.சி. கிடைக்கல. வேற மாவட்டத்துல புதுக் காலேஜ்தான் கிடைச்சிருக்கு. விட்டுட்டு அடுத்த வருஷம் மறுபடி நீட் எழுதட்டுமா?

வேண்டாம். அரசுக் கல்லூரி இடம் கையில் இருக்கும்போது விடாதீர்கள். தமிழ்நாட்டில் இப்போது 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 திறந்தார்கள். பட்டம் ஒன்றுதான் என்று மேலே சொன்னேன். புதுக் கல்லூரியில் சில துறைகளில் ஆசிரியர்கள் குறைவாக இருக்கலாம், அது உண்மைதான். ஆனால் மாவட்ட மருத்துவமனையில் கூட்டம் குறைவு. ஜி.எச்.சில் ஒரு நோயாளியைச் சுற்றிப் பத்து மாணவர்கள் நிற்கும்போது, அங்கே நீங்களே கை வைத்துப் பார்க்கலாம், தையல் போடக் கற்கலாம். எம்.எம்.சி.யை பி.ஜி.க்கு எட்டிப் பிடிக்கலாம், அப்படி வந்தவர்கள் இங்கே ஏராளம்.

அடுத்த ஆண்டு தாள் எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, 2024க்கும் 2025க்கும் நடந்ததை மேலே பார்த்தீர்கள். ஒதுக்கீட்டு ஆணையில் கடைசித் தேதி இருக்கும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் இரண்டிரண்டு நகலோடு எடுத்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.